மோட்டார் ரூமுக்குப் போகும் சோறு

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி காலியாக இருந்தது.

"ஏனுங்க, விவாகரத்துக் கேக்கப் போன எடத்துல அதையா சொல்லுவாங்க?" என்றார் மனைவி. நான் செல்போனை நோண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"ஒரு வருசம் பிரிஞ்சு இருந்தீங்களான்னு ஜட்ஜய்யா கேட்டாரு, சொன்னேன். ஒரு வருசமா நீ ஊட்ல, நான் தோட்டத்து மோட்டார் ரூம்ல. பொய்யா?"

"அதோட நிறுத்தியிருக்கோணும். மூணு வேளையும் சோறு ஊட்ல இருந்து வந்துருமுங்கன்னு எதுக்குச் சொன்னீங்க? வக்கீலு தலையில கையை வெச்சுட்டாரு."

"ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தானே பிரியறோம்? சண்டையா போட்டோம்?"

"ஆறு மாசம் கழிச்சு மறுக்காக் கூப்புட்டுக் கேப்பாங்களாமா. இன்னிக்கிருந்து நீங்களே பொங்கித் தின்னுங்க."

இரண்டு ஸ்டாப் கழித்து அவர் போசியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஏம்புள்ள, நாளன்னிக்கிருந்து பிரிஞ்சுக்கலாமா? நாளைக்குக் கறி எடுத்துட்டு வாரேன்னு சொல்லியிருந்தேனே."

அந்த அம்மா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவே இல்லை.

"வெள்ளாட்டுக் கறியாப் பாத்து எடுங்க."