பக்கத்துக் கட்டில் பாலாடை

பகல் ஒன்றரை மணி. பனமரத்துப்பட்டி ஏரிக்கரை ரோடு.

ஆமாம், பகல்தான். பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? இந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்கம் வராமல் உட்கார்ந்து ஆளுக்கொரு ராத்திரிக் கதை சொல்லிவிட்டீர்கள். என்னுடையது வெயிலில் நடந்தது. கொஞ்சம் கிட்டே வாருங்கள், சத்தமாகச் சொல்ல முடியாது. மதன், உன் பெண்டாட்டி உள்ளே வலியில் இருக்கிறாள், நீ எழுந்து அந்தப் பக்கம் போ. ...போகமாட்டாய். சரி, அப்புறம் என்னைத் திட்டாதே.

என்னோடு வேலை பார்க்கும் சண்முகப்பிரியாவின் தம்பி கதிர். சூரமங்கலத்தில் வீடு. தறிக்காரர்களிடம் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறவன். அதிர்ந்து பேசமாட்டான். அவன் சொன்னது ஒரே ஒரு பொய்.

அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு ஆடு கூட இல்லை. வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டுகிற சத்தம்... சர்... சர்... அவ்வளவுதான். அவன் சட்டைப் பையில் ஒரு பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டுவோமே, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் சில்லறையில் பட்டு ‘க்ளிங்’ என்றது.

அந்தப் பாலாடை அவனுடையது இல்லை.

ஒரு மாதம் பின்னால் போகிறேன். கதிரின் மனைவி மோனிஷாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. அவளுக்கு அம்மா இல்லை, அதனால் பேறுகாலம் பார்த்தது மாமியார் சாரதாமணிதான். பால் நன்றாக ஊறியது. நன்றாக என்றால், மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு அழுகிற அளவுக்கு. மிச்சத்தை டம்ளரில் பீய்ச்சி எடுக்கச் சொல்லி நர்ஸ் காட்டிக் கொடுத்தார்.

பக்கத்துக் கட்டிலில் வெண்ணிலா என்று ஒரு பெண். எடை குறைவாக ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை அழுதால் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். அன்று சாயங்காலம் வெண்ணிலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மோனிஷாவின் கையில் தன் பாலாடையைக் கொடுத்தாள்.

“அக்கா, இதுல ஒரு வாட்டி குடுத்தாப் போதுங்க. எனக்கு இன்னும் ஊறலீங்க.”

மோனிஷா வாயைத் திறப்பதற்குள் கதிர் கேட்டான். “நீங்க எந்த ஊருங்க?”

“பனமரத்துப்பட்டிங்கண்ணா. ஏரிக்கரை முடியற எடத்துல தனி ஊடு.”

ஊர் எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதோடு, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தால் சொந்தப் பிள்ளைக்குக் குறைந்துவிடும் என்று சாரதாமணி வேறு காலையிலிருந்து ஓதியிருந்தாள். கதிர் சொன்னான்: “இவளுக்கே பத்தலீங்க. எங்க புள்ளைக்கே இல்லீங்க.”

கட்டிலுக்கடியில் தட்டு போட்டு மூடிய டம்ளர். நிறையப் பால். வெண்ணிலா சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றைக்கு ராத்திரி கதிர் அதை வாஷ்பேசினில் ஊற்றினான். மோனிஷா பார்த்துக்கொண்டிருந்தாள்.  எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான், யார் மேல் அதிகம் என்று கேட்காதீர்கள்.

காலையில் அந்தக் கட்டில் காலி. குழந்தையை வேறு வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று யாரோ சொன்னார்கள். பிழைத்ததா, இல்லையா... இவர்கள் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் அவசரம். வீட்டுக்கு வந்து கூடையைக் கொட்டினால் துணிகளுக்கு நடுவே அந்தப் பாலாடை.

வீட்டில் சாரதாமணி எல்லாம் முறையாகச் செய்தாள். தாயும் பிள்ளையும் இருக்கிற அறையின் நிலைப்படியில் வேப்பிலை. அதன் கீழே ஒரு பழைய அரிவாள். இரும்பைத் தாண்டி எதுவும் உள்ளே வராது என்பது கணக்கு. முப்பது நாள் மோனிஷா வாசற்படி இறங்கக் கூடாது என்றும் கட்டளை. அவளும் இறங்கவில்லை.

ஆனால் மதியம் பூண்டுக் குழம்புச் சாப்பாடு முடித்துப் படுத்தாள் என்றால்... தூக்கமா அது? அடித்துப் போட்ட மாதிரி. எழுந்திருக்கும்போது மார்பில் பால் இருக்காது. ஒரு சொட்டு கூட. பையன் சப்பிச் சப்பி, கிடைக்காமல் கத்துவான். ராத்திரி கொஞ்சம் ஊறும், மறுநாள் மதியம் மறுபடி காலி. வீட்டுக்கு வந்து எடை போட்டுப் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்தார். பிறந்த அன்று இருந்ததைவிடக் குறைவு.

அப்புறம் அந்த நாற்றம். டெட்டால் போட்டுத் துடைத்த அறையில் ஏரிச் சேற்று நாற்றம்... பாசி நாற்றம். மோனிஷாவின் நைட்டி ஓரத்தில் ஒட்டுப்புல். உள்ளங்காலில் காய்ந்த வண்டல். அறையை விட்டே வராதவளுக்கு.

ஒரு மதியம் கதிர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தான். பையன் தூளியில் தூங்குகிறான். மோனிஷா ஒருக்களித்துத் தூங்குகிறாள். ஃபேன் சத்தம் மட்டும். திடீரென்று நைட்டியின் முன்பக்கம் நனைந்தது. அப்புறம் அவன் காதில் கேட்டது...

மடக்... மடக்... மடக்...

குழந்தை பால் விழுங்குகிற சத்தம். தூளியை எட்டிப் பார்த்தான். பையன் வாயைத் திறந்து தூங்குகிறான். மோனிஷாவின் கை மெல்ல எழுந்து, காற்றில், ஒரு சின்ன முதுகு இருக்க வேண்டிய உயரத்தில், தட்டிக் கொடுத்தது. தட்... தட்... தட்...

எழுந்ததும் அவள் தலையணைக்கடியிலிருந்து அந்தப் பாலாடையை எடுத்து அவன் கையில் வைத்தாள். “அன்னைக்கு ஏங்க அப்படிச் சொன்னீங்க?” என்றாள். கேட்டது அவ்வளவுதான். அந்தக் குழந்தை செத்துப்போய், பசியோடு இங்கே வந்து குடிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

அதனால்தான் அந்த ஏரிக்கரை ரோடு. மறுநாளே. திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலில் விழலாம் என்று. அன்றைக்கு உள்நோக்கத்தோடு கேட்டு வாங்கிய ஊர்தான் இப்போது வழி காட்டியது.

கரை முடிகிற இடத்தில் ஓட்டு வீடு. வாசலில் வெண்ணிலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அழுத முகமாக இல்லை. இவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“வாங்கண்ணா. அக்காவக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?”

பாலாடையை எடுக்கச் சட்டைப் பைக்குப் போன கதிரின் கை பாதியில் நின்றது.

“உள்ளதான் இருக்கறாங்க. பாப்பாவுக்குக் குடுத்துட்டு இருக்கறாங்க. தெனமும் இந்த நேரத்துக்கு வந்துடறாங்கண்ணா. பாப்பா பொழைச்சதே அக்காவாலதான். என்ன, ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாங்க. தண்ணி குடுத்தாக் கூடத் தொடறதில்லை.”

உள் அறைக்கு ஒரு சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால்... மடக்... மடக்... நடுநடுவே தட்... தட்... திரைக்குக் கீழே நைட்டி ஓரம் தெரிந்தது. ரோஸ் பூப் போட்டது. அவன் வாங்கிக் கொடுத்தது. அதற்குக் கீழே வண்டல் படிந்த கால்.

செல்போன் அடித்தது. அம்மா. “டேய், பையன் வீல்னு கத்தறான்டா. இவ என்ன, உலுக்குனாக் கூட எந்திரிக்க மாட்டேங்கறா. மேலு சில்லுனு இருக்குது. மூஞ்சில தண்ணி அடிச்சு எழுப்பட்டுமா?” போனுக்குள் அவன் பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தது.

“கூப்பிடட்டுங்களா அண்ணா?” வெண்ணிலா திரையில் கை வைத்தாள்.

ஒரு காதில் அவன் பிள்ளையின் அழுகை. இன்னொரு காதில் அந்தப் பிள்ளை விழுங்குகிற சத்தம். ஆஸ்பத்திரியில் நின்ற அதே இடத்தில் மறுபடியும் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்... மதன், நீ?

கதிர் போனில் சொன்னான். “எழுப்பாதம்மா. கொஞ்சம் பொறு.” அப்புறம் வெண்ணிலாவிடம் திரும்பினான். “வேண்டாம்மா. குடிக்கட்டும்.” சொல்லிவிட்டு அழுதான். “அன்னைக்கு இல்லைன்னு சொன்னது பொய்ம்மா. இருந்துச்சு.”

“தெரியுங்கண்ணா,” என்றாள் வெண்ணிலா. “டம்ளரைப் பார்த்தேன்.”

பாலாடையை அவள் கையில் கொடுத்தான். காலில் விழ வந்தது மறந்தே போனது. திரைக்குப் பின்னால் சத்தம் நிற்கும்வரை வாசலிலேயே நின்றான். சத்தம் நின்றதும் வண்டியை எடுத்தான். திரையை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லையாம்.

அறைக்குள் மோனிஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நைட்டி நனைந்திருந்தது. பையன் திணறித் திணறிக் குடிக்கிறான். கடைவாயில் பால் வழிகிறது. நிலைப்படியில் அரிவாள் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே வருவதைத் தடுக்கத்தானே அதை வைத்தார்கள். வெளியே போவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மோனிஷா தலையை நிமிர்த்தவில்லை. பையன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே போயிட்டீங்களே... உள்ள வந்து பாப்பாவை ஒரு வாட்டி பார்த்திருக்கலாம்லங்க.”