வாயில் விரல்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். இளையவர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கிறார். அது பஸ் முழுவதற்கும் தெரியும்.

"புள்ளையள எப்பிடிக் கதைக்க வைக்கிற என்டுதான் அசைன்மென்ட், ராத்தா. வகுப்புல இருந்தே எழுதி முடிச்சிட்டன்."

"என்னகா, புள்ளையள் சத்தம் போடல்லியா?"

"வாயில விரல் வெச்சிட்டு இருங்க என்டு சொல்லிருவன். வருசம் முழுக்க அப்பிடித்தான்."

"பொறகு?"

"நேத்து நான் படிப்பிக்கிறதப் பாத்துப் புள்ளி போட கெம்பஸ் சேர் வந்தார். நான் கேள்வி கேக்குறன், ஒரு புள்ளையும் வாய் துறக்கல்ல. எல்லாம் வாயில விரல்!"

மூத்தவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க ராத்தா. பாவம், அதுகளுக்கு ஒழுங்கான டீச்சர் ஒராளும் வாய்க்கல்ல போல."