மாமா எறிந்த தூரம்

பூதலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள். தம்பிக்கு அகன்ற தோள். கால் இரண்டும் வீங்கி, செருப்பில் பாதிதான் நுழைந்திருந்தது.

“ஸ்கூல் போர்டுலேருந்து எம் பேரை அழிக்கச் சொல்லணும்க்கா” என்றார்.

“ஏன்டா? குண்டு எறியிறதுல இன்னைக்கு வரைக்கும் உன்னை யாரும் தாண்டலையே.”

“எறிஞ்சது நான்தான். அந்த தூரம், உடம்பு ஏறறதுக்குப் போட்டுக்கிட்ட ஊசியோடது. கிட்னி போனதும் அதாலதான்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல நின்ன.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. கல்லணைக் கால்வாய்ப் பாலம் தாண்டியதும் தம்பி பக்கம் திரும்பினார்.

“எம் மவன் ஒவ்வொரு தடவையும் உன் தூரத்துக்கு ஒரு சாண் கொறையுதுன்னு வந்து அழுவுறான்டா. மாமா மாதிரி நமக்குத் தெம்பு இல்லம்மாங்குறான்.”

தம்பி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு அவனுக்குப் போட்டி. எப்பவும் போல உன் கால்ல விழுந்துட்டுப் போகத்தான் வருவான்.”

தம்பி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, அவற்றை மெல்ல சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.