ஒரு நாள் தள்ளி விழுந்த முத்திரை

என் பெயரில் இதுவரை எதுவும் அச்சேறியதில்லை. ஆனால் சிங்கப்பூரில் பன்னாட்டு வழக்குகளின் நடுவர்களுக்கு என்னைப் போலச் செயலாளராக இருப்பவர்கள் எழுதுவதைத்தான் பல நிறுவனங்கள் தீர்ப்பென்று படிக்கின்றன. விதிப்படி நான் கோப்பு அடுக்கலாம், தேதி குறிக்கலாம். முடிவு நடுவருடையது. எங்கள் நடுவர் குவா பூன் செங், மீன் சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"நீயே எழுதிடு, டெஸ்மண்ட். கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டு லா."

"ஒருதடவை படிச்சுப் பாக்கறீங்களா, சார்?"

"உன் எழுத்தைப் படிச்சா நான் புத்திசாலின்னு எனக்கே தோணிடுது. போதும்."

அந்தச் சொல் எனக்கு ஒரு வாரம் இனித்தது.

வழக்கு இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஓர் அணை பற்றியது. அடித்தளம் கசிகிறது என்று கட்டியவர்கள் நீர் நிரப்ப மறுத்தார்கள். தாமதத்துக்கு அது சாக்கு என்றார்கள் உரிமையாளர்கள். நிரப்பத்தான் வேண்டும் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். சாட்சிகள் பேசி முடிக்கும் முன்பே எழுதி முடித்திருந்தேன்.

ஆவணங்கள் ஏற்பது செவ்வாய் மாலை ஐந்து மணியோடு முடியும் என்பது உத்தரவு. அன்று மூன்று மணிக்கு ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் ருஸ்லான், உரிமையாளர்களின் சொந்தப் பொறியாளர். உள்ளே கசிவின் படங்கள், முதலாளிகள் மறைத்த அளவீடுகள். நடுவரிடம் காட்ட வேண்டும், இரு தரப்புக்கும் நகல் அனுப்ப வேண்டும். செய்திருந்தால் என் தீர்ப்பு குப்பைக்குப் போயிருக்கும்.

வருகை முத்திரையின் தேதிச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தினேன். புதன்கிழமை ஆயிற்று. உறையை மறுபடி ஒட்டி, காலம் கடந்து வந்தது என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ருஸ்லான் போன் செய்தார். அவர்கள் ஊரில் ஐயா என்பதற்கு 'பாக்' என்பார்கள்.

"படத்தையாவது பாத்தீங்களா, பாக்?"

"நேரம் தாண்டி வந்ததை நாங்க பிரிக்கறதில்ல."

"அணைக்குக் கீழதான் என் மாமியார் வீடு. எனக்கும் அந்தம்மாவுக்கும் ஆகாதுதான். அதுக்காகத் தண்ணியில விடச் சொல்றீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, பாக்."

"சொல்றேன்."

சொல்லவில்லை. வழக்கு ரகசியமானது, படங்களை வெளியில் காட்டினால் அவர்மேலேயே வழக்குப் பாயும் என்றும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

குவா கையெழுத்திட்ட தீர்ப்பின்படி நீர் நிரப்பிய ஒன்பதாம் வாரம் அணை உடைந்தது. நாற்பத்தொரு பேர்.

விசாரிக்க வந்த நீங்கள், கூரியர் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே என் கையொப்பம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். யாரும் எனக்குக் கையூட்டு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாத அளவுக்கு இருக்கிறது. ஆனால் செய்தி வந்த காலையில் இறந்தவர்களின் பட்டியலை நான் திறக்கவில்லை. தீர்ப்பைத் திறந்தேன். கசிவு வாதத்தைத் தள்ளுபடி செய்த பத்தியை இரண்டு முறை படித்தேன்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது.