மீனைத் தொடாத பெண்

எண்பதுகளில் ஒரு சாயங்காலம். காரைக்காலிலிருந்து போலகம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மாவும் பதினேழு வயதிருக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் ஒயர் கூடை, அதில் மீன்.

"நம்ம வீட்ல யாருடி செத்துட்டா?" என்று திடீரென்று கேட்டாள் அம்மா.

"என்னம்மா சொல்ற?"

"மீன் குழம்பு ஊத்துனா தட்டை நகத்துற. சாவு வீட்டுக்காரங்க மாதிரி கவுச்சி தொடாம இருக்கியே, யாருக்காக?"

"வயித்து வலிம்மா."

"வயித்து வலிக்காரி நேத்து ஆமவடை தின்னியே."

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"பட்டினச்சேரியில கட்டுமரம் கவுந்து ஒரு பையன் செத்தானே, அவன் உன் டைப்ரைட்டிங் கிளாஸா?"

"அங்க எத்தனையோ பேரு படிக்கிறாங்க."

"அன்னிலேருந்துதான் நீ மீன் திங்கல."

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா முந்தானையில் சில்லறையை முடிந்தபடி, வேறு பேச்சு பேசுகிறவளைப்போலச் சொன்னாள்.

"கருமாதி வெள்ளிக்கிழமையாம்."

"இல்லம்மா, வியாழக்கிழமை."

சொன்ன பிறகுதான் மகளின் கை வாய்க்குப் போனது.

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா மீன் கூடையை மடியிலிருந்து இறக்கி, மகளுக்கு எட்டாமல் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"அதுவரைக்கும் அப்பாகிட்ட வயித்து வலின்னே சொல்லு" என்றாள். "ஆமவடைய மட்டும் திங்காத."