கைப்பிடி இல்லாத கதவு

மனிதவள வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க உண்மை ஒன்றை முதலில் அறிவித்துவிடுகிறேன்: வேலை தேடித் தருகிறவனுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். இதை எழுதிக்கொண்டீர்களானால் மீதி தானே விளங்கிவிடும், ஐயா.

எங்கள் ஆலோசனை நிறுவனம் யாரையும் வேலையை விட்டு நீக்காது. 'புதிய வாய்ப்புகளை நோக்கி விடுவிக்கும்.' அப்படி விடுவிக்கப்பட்ட தணிக்கையாளர்கள், வழக்கறிஞர்கள், ஆலோசகர்கள் எல்லாரும் மூன்றாம் மாடியில் இருக்கும் என் மையத்துக்கு வருவார்கள். எப்படிச் சிரிப்பது, எப்படிக் கைகுலுக்குவது என்று சொல்லிக்கொடுத்து வேறு இடத்தில் சேர்த்துவிடுவது என் பணி. கடைசி ஆளும் போய்ச் சேர்ந்ததும் மையத்தை மூடிவிடுவார்கள். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டு, வெட்டும்போது சிரி என்பதுதான் எனக்கு இட்ட உத்தரவு. தலை நரைத்த என்னை வேறு யார் எடுப்பார்கள்?

ஆகவே மெதுவாக வெட்டினேன். புது நிறுவனத்தார் தொலைபேசியில் 'ஆள் எப்படி?' என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். 'நல்ல மனிதர்' என்பேன். சொல்வதற்கு முன் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

அப்படியும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மிஞ்சியவர் ஒரே ஒரு தணிக்கையாளர். மூச்சிரைப்புக்காரர், பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே வரமாட்டார். என்னை அண்ணன் என்று கூப்பிடுவார். எனக்கும் அவர் கூடப்பிறந்தவர் மாதிரிதான். இல்லாவிட்டால் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருப்பேனா?

அன்று காலை நேர்காணலுக்குப் போகிற வழியில் படியேறி வந்தார்.

"அண்ணே, இவங்க உங்ககிட்டல்லாம் விசாரிக்கப் போறதில்லயாம். நேர்ல பாத்து உடனே எடுத்துக்குறாங்களாம். பொண்ண மறுபடி பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்ணே."

"ஒருவாட்டி பயிற்சி பண்ணிட்டுப் போங்க தம்பி."

"நேரமாச்சேண்ணே."

"அஞ்சே நிமிஷம். அண்ணன் பேச்ச என்னைக்காவது தட்டியிருக்கீங்களா?"

"தட்டினதில்லண்ணே. அதான் இன்னும் இங்கயே கெடக்குறேன்" என்று சிரித்தார்.

பயிற்சி அறை, சத்தம் புகாத கண்ணாடி அறை. உள்பக்கக் கைப்பிடி கழன்று பல வாரமாகிறது. புகார் கொடுக்க வேண்டியவன் நான். பையும் போனும் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். நேர்காணல் நேரம் தாண்டும் வரைக்கும்தான். கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் பதறினார். பதறினால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். கண்ணாடியைத் தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. தரமான கண்ணாடி. பையைக் கைகாட்டினார். எடுத்துக் கொடுக்க எழுந்தேன், ஐயா, அதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் திறந்தால் ஓடிவிடுவார். உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் காட்டுவதுபோல, நிமிர்ந்து உட்காருங்கள், சிரியுங்கள் என்று சைகை காட்டினேன்.

பேச்சைத் தட்டாத மனிதர். தடுமாறிப் போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிக்கவும் முயன்றார். உதடு நீலமாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

என்னிடம் வந்தவர்களில் யாரையும் நான் கைவிட்டதில்லை. கடைசிவரை பக்கத்திலேயேதான் இருந்தேன்.

ஆள் யாரும் மிச்சமில்லை என்று அன்று சாயங்காலமே மையத்தை மூடிவிட்டார்கள்.