மச்சான் கட்டாத பந்தயம்

விருத்தாசலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் கிளம்பவில்லை. முன் சீட்டுக்காரர் திடீரென்று கத்தினார்.

"அவன்லாம் ஒரு மச்சானா?"

"எங்க அண்ணன் என்ன பண்ணுச்சு?" என்றார் பக்கத்திலிருந்த மனைவி.

"அவன்கூட ஆடுன போக்கர் சீட்டாட்டத்துல கடைசி சீட்டு வுழுந்துச்சு. என் கையில இருந்த சீட்டுதான் பெருசு. அவனே பந்தயம் கட்டட்டும், அந்தக் காசையும் அள்ளலாம்னு, நான் கட்டாம 'செக்'குன்னேன். அவனும் 'செக்'குன்னுட்டான்! ஜெயிச்சும் பெருசா ஒண்ணும் தேறல."

"நீங்களே கட்டியிருக்கலாமில்ல?"

"செராமிக் சூளையில வேல பாக்கறவன்டீ நான். ஆறறதுக்கு முன்ன தொறந்தா பொம்மையெல்லாம் வெடிச்சிரும். பொறுமையா இருந்தேன்!"

அந்தம்மா குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"சூளை தானா ஆறுங்க. எங்க அண்ணன் தானா காச எடுக்குமா? நம்ம பொண்ணு காதுகுத்துக்கு, தாய்மாமன் போடவேண்டிய தோட்டையே நாமதான வாங்கினோம்!"